மின்சாரத்தை அளந்து கொடுத்த கதை

சரித்திரம் என்றதும் மலாக்காவில் வாழும் நமக்குப் பரமேஸ்வரனும், 1511ஆம் ஆண்டில் வந்த போர்த்துக்கீசியரும், 1641இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரரும் நினைவுக்கு வருவார்கள். மன்னர்களுக்கும் கோட்டைகளுக்கும் இருப்பதுபோல் நாம் அன்றாடம் கையாளும் பொருள்களுக்கும் சரித்திரம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பொருளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கைத்தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜர் இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சுவரில் வருவது சுமார் 240 வோல்ட்டு. தொலைபேசிக்கு வேண்டியது 5 வோல்ட்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, அதிகம் சூடேறாமல், இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அளந்து கொடுக்கிறது. இதற்குள் இருக்கும் சுற்றைச் 'சுவிட்சிங் ரெகுலேட்டர்' என்கிறார்கள். நாம் அதை விசைமாற்றுச் சீராக்கி என்று சொல்லலாம். இது எப்படித் தோன்றியது, இதை அமைப்பவர் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும், இதில் நம் மலாக்காவுக்கு என்ன பங்கு என்ற மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஏறி இறங்கிய வெளிச்சம்

மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கப்பட்டது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் என்று மாறிற்று. பட்டணங்களில் வாரியத்தின் கம்பிகள் ஓடிய காலத்திலும் பல தோட்டங்களில் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. மற்றச் சில தோட்டங்களில் நிர்வாகம் ஒரு டீசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம் மட்டும் லயன் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது.

அந்த வெளிச்சம் ஒரே சீராக இருக்காது. எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டால் மங்கும். பாதிப் பேர் அணைத்துவிட்டுப் படுத்தால் மிச்சமுள்ள விளக்குகள் பளிச்சென்று எரியும். காரணம் எளிது. சுமை கூடினால் மின்னழுத்தம் குறையும், சுமை குறைந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் பல்பு போய்விடும். ஆகவே, சுமை எப்படி மாறினாலும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்த ஒரு காவல்காரர் தேவைப்பட்டார். சீராக்கி என்பது அந்தக் காவல்காரர்தான்.

முதல் காவல்காரர், துள்ளும் இரும்பு நாக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் டிரில் என்பவர் மின்னாக்கிகளுக்கு ஒரு சீராக்கியை அமைத்தார். அதில் ஒரு மின்காந்தமும் ஒரு தொடுமுனையும் இருந்தன. அழுத்தம் உயர்ந்தால் மின்காந்தம் தொடுமுனையை இழுத்துத் திறக்கும். மின்னாக்கியின் காந்தச் சுருளுக்குப் போகும் ஓட்டம் குறையும். அழுத்தம் இறங்கியதும் தொடுமுனை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஓயாமல் துள்ளித் துள்ளியே அது அழுத்தத்தை நடுவில் நிறுத்தியது.

பழைய லோரிகளின் இயந்திர மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. டைனமோ வைத்த அந்த வண்டிகளில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் சுருளும் தொடுமுனையும் இருக்கும். பால் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு ஓடிய லோரியின் பேட்டரி கொதித்துப் போகாமல் காத்தது அந்தப் பெட்டிதான். வேண்டிய அளவை அடைய ஓட்டத்தைப் பாதியில் நெரிக்காமல், முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதுமாக மாறி மாறிச் செய்யும் எண்ணம் அங்கேயே பிறந்துவிட்டது.

1930களில் இதே துள்ளும் நாக்கு வானொலிக்குள்ளும் வந்தது. அந்நாளைய வால்வு வானொலிகளுக்கு இருநூறு வோல்ட்டு அளவில் அழுத்தம் தேவை. கார் பேட்டரியிலிருந்து அதைப் பெறுவது எப்படி? 'வைப்ரேட்டர்' என்ற கருவி பேட்டரியின் ஓட்டத்தை நொடிக்குச் சுமார் 100 தடவை வெட்டி வெட்டி ஒரு டிரான்ஸ்பார்மருக்குக் கொடுத்தது. டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை உயர்த்தியது. மின்கம்பி எட்டாத இடங்களில் இப்படித்தான் பேட்டரியில் வானொலி பாடிற்று. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் அது அந்த நாக்கு துள்ளும் ஓசை.

வைப்ரேட்டருக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை தொடுமுனை திறக்கும்போதும் சிறு தீப்பொறி பறக்கும். நாளாக ஆகத் தொடுமுனை தேய்ந்து கருகிவிடும். பொறியைக் குறைக்க ஒரு மின்தேக்கியைச் சேர்த்தார்கள். அந்த மின்தேக்கி கெட்டால் வைப்ரேட்டரும் சேர்ந்து கெட்டது. ஓட்டத்தைத் திடீரென்று வெட்டினால், வெட்டுப்பட்ட ஓட்டம் போவதற்கு ஒரு வழி விட வேண்டும் என்ற பாடத்தை அன்றே கற்றுக்கொண்டார்கள். இன்றைய சுற்றுகளிலும் முதல் விதி இதுதான்.

எரித்துக் குறைப்பதும் வெட்டிக் குறைப்பதும்

1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. தேயும் தொடுமுனை இல்லாத சுவிட்சு கிடைத்துவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் பெரும்பாலானோர் டிரான்சிஸ்டரை வேறு விதமாகவே சீராக்கிகளில் பயன்படுத்தினார்கள். அதைப் பாதி திறந்த குழாய்போல் வைத்து, மிகுதியான அழுத்தத்தை வெப்பமாக எரித்தார்கள். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் விட்லர் என்ற பொறியாளர் 1970ஐ ஒட்டி அமைத்த எல்.எம். 109 என்ற மூன்று கால் சில்லு இந்த வகையில் புகழ்பெற்றது. அமைப்பதற்கு எளிது, இரைச்சலும் இல்லை. குறை ஒன்றே, வெப்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் தாளில் எழுதிக்கொள்ளலாம். லோரியின் 12 வோல்ட்டுப் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எரித்துக் குறைக்கும் சீராக்கியில் பேட்டரியிலிருந்தும் 1 ஆம்பியர் வரும். பேட்டரி கொடுப்பது 12 வாட்டு. நமக்குப் பயன்படுவது 5 வாட்டு. மீதி 7 வாட்டு வீணாகச் சூடாகிறது. நூற்றுக்கு 42 பங்குதான் வேலைக்கு ஆகிறது.

இது எப்படியென்றால், லோரி ஓட்டுநர் எண்ணெயை முழுதாக மிதித்துக்கொண்டே இன்னொரு காலால் பிரேக்கையும் மிதித்து, வேண்டிய வேகத்தில் ஓட்டுவதுபோல. அனுபவமுள்ள ஓட்டுநர் அப்படிச் செய்வாரா? சிறிது மிதிப்பார், காலை எடுப்பார், மறுபடி மிதிப்பார். கனமான லோரி தன் உந்து வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி ஒரே வேகத்தில் போவதாகவே தோன்றும். விசைமாற்றுச் சீராக்கி செய்வதும் இதுதான். டிரான்சிஸ்டர் மிதிக்கும் கால். கம்பிச் சுருள் அந்த உந்து வேகத்தைத் தாங்கும் கனம். ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று ஏறவும் செய்யாது, சட்டென்று இறங்கவும் செய்யாது.

முழுதாகத் திறந்த சுவிட்சில் ஓட்டம் இல்லை. முழுதாக மூடிய சுவிட்சில் அழுத்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே இரு நிலையிலும் வெப்பம் குறைவு. நூற்றுக்கு 80 பங்கு திறன் கிடைத்தால், அதே 5 வாட்டுக்குப் பேட்டரி 6.25 வாட்டு கொடுத்தால் போதும். வீணாவது 1.25 வாட்டு. பேட்டரியிலிருந்து வருவது 0.52 ஆம்பியர். அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

எடையும் வெப்பமும் பெரிய சுமையாக இருந்த விண்வெளித் துறையும் இராணுவத் துறையும் 1960களிலேயே இந்த முறையை நாடின. 1970களின் நடுவில், சிலிக்கன் ஜெனரல் என்ற நிறுவனத்தில் பாப் மமானோ என்பவர், இந்தச் சுவிட்சை எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று முடிவு செய்யும் வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கினார். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்பவர் விசைமாற்று மின்வழங்கி ஒன்றை அமைத்தார். அந்தக் கணினிக்கு உள்ளே குளிரூட்டும் விசிறியே தேவைப்படவில்லை.

அமைப்பவர் கவனிக்க வேண்டியவை

எண்ணம் எளிதாக இருந்தாலும் செய்முறையில் பல கண்ணிகள் உண்டு. 1990ஐ ஒட்டி நேஷனல் நிறுவனம் எல்.எம். 2575, எல்.எம். 2576 என்ற சில்லுகளை வெளியிட்டது. வெளியே ஒரு சுருள், ஒரு டயோடு, இரண்டு மின்தேக்கிகள் சேர்த்தால் சீராக்கி தயார். அந்தச் சில்லுகள் நொடிக்கு 52,000 தடவை சுவிட்சை இயக்கின. அதையே எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எவ்வளவு நேரம் திறந்து எவ்வளவு நேரம் மூடுவது? 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டு வேண்டுமானால், சிறு இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டில் ஐந்து பங்கு நேரம் மின்சாரம் பாய வேண்டும். ஒரு சுற்று 19.2 மைக்ரோ நொடி. அதில் 8 மைக்ரோ நொடி பாயும். மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பேட்டரி தளர்ந்து 10 வோல்ட்டுக்கு இறங்கினால், சில்லு வெளியழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே நேரத்தைப் பாதியாகக் கூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, சுருள். மின்சாரம் பாயும்போது சுருளில் ஓட்டம் மெல்ல ஏறும், வெட்டும்போது மெல்ல இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஓட்டத்தில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்குக்குள் இருக்கும்படி சுருளைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் 0.3 ஆம்பியர் ஏற்ற இறக்கத்துக்கு 187 மைக்ரோஹென்றி வருகிறது. கடையில் கிடைக்கும் 220 மைக்ரோஹென்றிச் சுருளைப் போடலாம். இத்துடன் வேலை முடிந்துவிடாது. சுருளின் நடுவில் உள்ள காந்தப் பொருள் ஓர் அளவுக்குமேல் காந்தத்தைத் தாங்காது. நிரம்பிய மங்கில் மேலும் பால் வடிந்தால் வழிவதுபோல, அந்த அளவைத் தாண்டினால் சுருள் வெறும் கம்பியாகிவிடும். ஓட்டம் சட்டென்று எகிறி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ஆகவே சராசரி ஓட்டத்தைப் பார்த்துச் சுருள் வாங்கக் கூடாது. உச்ச ஓட்டத்தைப் பார்த்து, அதற்கும் மேல் சிறிது இடம் விட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, டயோடு. சுவிட்சு திறந்ததும் சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம் நிற்காமல் போக வழி தருவது இதுதான். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாய் 'டம்' என்று அதிரும் அல்லவா? வழி இல்லாத மின்னோட்டமும் அப்படியே அழுத்தமாக எகிறும். வைப்ரேட்டர் காலத்துத் தீப்பொறி இதுதான். சாதாரண 50 ஹெர்ட்சு மின்சாரத்துக்குச் செய்த டயோடு மெதுவாக மூடும். நொடிக்கு 52,000 தடவை அதை மூடச் சொன்னால் சூடாகிக் கெட்டுவிடும். விரைவாக மூடும் ஷாட்கி டயோடுதான் இங்கே பொருந்தும்.

நான்காவது, மின்தேக்கி. சுருளிலிருந்து வரும் ஏற்ற இறக்கத்தை நிரவுவது இதன் வேலை. மேட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டி, பம்பு நின்று நின்று ஓடினாலும் வீட்டுக் குழாயில் நீரை ஒரே சீராக விடுவதுபோல. மின்தேக்கிக்குள் சிறிது மின்தடையும் உண்டு. அது 0.1 ஓம் என்றால் நம் சுற்றில் வெளியழுத்தம் 25 மில்லிவோல்ட்டு அளவுக்கு ஆடும். மின்தேக்கி உலர்ந்து தடை 1 ஓம் ஆகிவிட்டால் ஆட்டம் பத்து மடங்காகும். தொலைக்காட்சிப் பெட்டியோ அடாப்டரோ சில ஆண்டுகளில் தடுமாறத் தொடங்கினால், அடிக்கடி காரணம் தலை உப்பிய மின்தேக்கிதான். சுற்றுப்புற வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. வெயில் காயும் தகரக் கூரையின் கீழ் வைக்கும் கருவிக்கு இதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது, வேகம். சுவிட்சின் வேகத்தைப் பத்து மடங்காக்கினால் சுருளின் அளவு பத்தில் ஒன்றாகிவிடும். பெட்டி சிறிதாகும். இன்றைய சார்ஜர்கள் சிறுத்ததற்கு இது முக்கியக் காரணம். ஆனால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறிது வெப்பம் இழக்கிறோம். பத்து மடங்கு தடவை திறந்து மூடினால் அந்த இழப்பும் பத்து மடங்காகும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் சுருள் பெரிதாவதோடு, 20,000க்குக் கீழே வரும்போது காதில் கீச்சென்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இடம் தேடுவதுதான் அமைப்பவரின் திறமை.

ஆறாவது, கம்பிப் பாதை. காகிதத்தில் வரைந்த சுற்று சரியாக இருந்தும் பலகையில் கட்டியபின் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். உள்வரும் மின்தேக்கி, சுவிட்சு, டயோடு மூன்றுக்கும் நடுவில் ஓட்டம் வெட்டி வெட்டிப் பாய்கிறது. அந்தப் பாதை நீண்டால் வானொலியின் ஏரியல்போல இரைச்சலைப் பரப்பும். ஆகவே இந்த மூன்றையும் நெருக்கி வைக்க வேண்டும். வெளியழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் கம்பியைச் சுருளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கணக்குச் சொல்பவர் காதுக்கருகில் கூச்சல் போட்டால் கணக்குத் தப்பும் அல்லவா?

பத்து பெரண்டாமில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். 1971இல் மலேசியாவில் தடையற்ற வாணிப வளாகச் சட்டம் இயற்றப்பட்டது. மலாக்காவில் பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் அத்தகைய வளாகங்கள் எழுந்தன. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1973இல் பத்து பெரண்டாமில் தன் ஆலையை நிறுவியது. அதே பத்தாண்டில் நேஷனல் செமிகண்டக்டரும் மலாக்காவில் ஆலை தொடங்கியது. முன்னர் சொன்ன மூன்று கால் சில்லையும் நான்கு உறுப்புச் சீராக்கியையும் உலகுக்குத் தந்த அதே நிறுவனம்தான். சீமென்சின் அந்தப் பிரிவு 1999இல் இன்பினியன் ஆயிற்று. நேஷனல் நிறுவனத்தை 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிற்று. பெயர்ப் பலகைகள் மாறின, வேலை தொடர்ந்தது.

பால்மரம் வணிகப் பயிராக இந்நாட்டில் முதலில் வேரூன்றியது நம் மலாக்காவில்தான். 1890களில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. அந்தப் பால்மரத்தை நம்பி வந்த தலைமுறையின் பேத்திகள், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆலைப் பேருந்தில் ஏறிப் பத்து பெரண்டாமுக்குப் போனார்கள். மலாய், சீனத் தோழியரோடு சேர்ந்து மூன்று ஷிப்டு வேலை செய்தார்கள். அம்மா விடியற்காலையில் உளியோடு புறப்படும் நேரத்தில் மகள் இரவு வேலை முடிந்து வந்து இறங்கிய வீடுகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம்.

அங்கே என்ன வேலை? கடல் கடந்து வரும் சிலிக்கன் தட்டை அரிசி மணிபோன்ற துண்டுகளாக அறுப்பது. ஒவ்வொரு துண்டையும் செம்புச் சட்டத்தில் ஒட்டுவது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் துண்டையும் கால்களையும் இணைப்பது. கறுப்புப் பிசினில் பொதிவது. பிறகு ஒவ்வொன்றையும் சோதிப்பது. பின்னர்த் தானியங்கி இயந்திரங்கள் வந்து கண்களின் பாரத்தைக் குறைத்தன.

இந்த வேலையைப் பற்றி நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் உண்டு. வெளிநாட்டுக்காரர் மூளையால் செய்ததை நம் பெண்கள் கையால் ஒட்டினார்கள், அவ்வளவுதான் என்பார்கள். மின்னியல் வரலாற்று நூல்களும் கண்டுபிடித்தவர் பெயரோடு நின்றுவிடுகின்றன. அமைப்பு முறையை இவ்வளவு நேரம் பார்த்த நாம் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

சீராக்கிச் சில்லில் பிறக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது? ஒட்டிய பசையின் வழியாகச் செம்புச் சட்டத்துக்கு. பசையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் மட்டும் கொதித்து, சில்லு சில மாதத்தில் செத்துவிடும். வெட்டி வெட்டிப் பாயும் ஓட்டம் எதன் வழியாகப் போகிறது? அந்த மெல்லிய இணைப்புக் கம்பியின் வழியாக. ஒரு மில்லிமீட்டர் கம்பியும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றிச் சுருளுக்குச் சமம். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் 1 ஆம்பியர் ஓட்டத்தை 10 நானோ நொடியில் வெட்டினால் அரை வோல்ட்டு எகிறும். கம்பியின் நீளமும் வளைவும் ஒட்டும் தரமும் சுற்றின் உறுப்புகளே. காகிதத்தில் வரைந்த வரைபடம் அரை வேலை. அந்த மேசையில்தான் அது முழு வேலை ஆயிற்று. பத்து பெரண்டாமில் கண் வலிக்க உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பொருளைச் செய்தவர்கள் என்று சொல்வதற்கு நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. செய்தவர்களில் பலருக்குத் தாங்கள் செய்வது என்னவென்று யாரும் விளக்கியதில்லை. சில்லின் எண் தெரியும், அது எந்த வீட்டில் எந்தக் கருவியில் போய் உட்காருகிறது என்பது தெரியாது. கை அறிந்ததை மூளைக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை, அடுத்த படிக்கு ஏற உதவுவதில்லை. பால்மரத்தை நாள் முழுவதும் வெட்டியவர்களுக்குச் சந்தையில் ரப்பர் விலையை நிர்ணயிப்பது யார் என்று தெரியாமல் இருந்தது போலத்தான் இதுவும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

இவ்வளவு கேட்டபின் பிள்ளைகள் சார்ஜரைத் திறந்து பார்க்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். சுவரில் செருகும் சார்ஜரில் சுமார் 240 வோல்ட்டு மாறுமின்னோட்டம் முதலில் சுமார் 340 வோல்ட்டு நேர்மின்னோட்டமாகி ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கியிருக்கலாம். அந்த ஆபத்தான பக்கத்தையும் நாம் தொடும் 5 வோல்ட்டுப் பக்கத்தையும் பிரிப்பது உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மரும், நடுவில் விட்டுள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். நான்கு வெள்ளிக்குக் கிடைக்கும் பெயரில்லாச் சார்ஜரில் முதலில் குறைக்கப்படுவது இந்த இடைவெளியாக இருக்கலாம். சிரிம் முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். படுக்கையில் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். வெப்பம் வெளியேற வழி வேண்டும் என்பதை இப்போது நாம் அறிவோம்.

கற்க ஆசையுள்ள பிள்ளை 12 வோல்ட்டுப் பேட்டரியில் தொடங்கட்டும். பேட்டரிக்கும் சுற்றுக்கும் நடுவில் ஒரு பியூஸ் இருக்கட்டும். பேட்டரியின் இரு முனைகளும் நேராக ஒட்டிக்கொண்டால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நான்கு உறுப்புகள் கொண்ட சீராக்கியை வாங்கிக் கட்டி, மீட்டரை வைத்து, உள்ளே போகும் வாட்டையும் வெளியே வரும் வாட்டையும் அளந்து, வெப்பமாக வீணாவது எவ்வளவு என்று தாளில் எழுதட்டும். ஐந்தாம் ஆறாம் ஆண்டுக் கணக்கில் கற்ற பெருக்கலும் விழுக்காடும் போதும். பள்ளிக்கூடத்துக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பெற்றோர்களே, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, வீடமைப்புத் திட்டங்கள் எழுகின்றன. டுரியான் துங்காலில் உள்ள பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என்ற பெயரைப் பெற்றது. அதே ஊரில் நம் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. பால்வெட்டிய பாட்டி, சில்லுப் பொதிந்த தாய் என்ற இரண்டு படிகளை நம் குடும்பங்கள் பல ஏறிவிட்டன. அந்தச் சில்லை அமைப்பவர் என்ற மூன்றாவது படி, நம் பிள்ளைகள் பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆலைக்குப் போன அக்காவோ அத்தையோ இருந்தால், அவர் அங்கே என்ன செய்தார் என்று இன்று இரவு பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும்போது ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மலாக்காவின் சரித்திரத்தில் அதுவும் ஒரு பக்கம்.